பிரம்பு அறுந்த தேக்கு நாற்காலி: ஆட்டம் நிறுத்துவது முதல் கடைசிப் பின்னல் வரை

பரணிலோ பின்கட்டிலோ கிடக்கும் பழைய தேக்கு நாற்காலியில் முதலில் கண்ணில் படுவது கிழிந்து தொங்கும் பிரம்புதான். அதனால் பலரும் நேராகப் பின்னலில் இறங்கிவிடுகிறார்கள். அது தவறு. ஈரமாகப் பின்னிய பிரம்பு காயும்போது சுருங்கி நான்கு சட்டத்தையும் உள்நோக்கி இழுக்கும். சட்டம் ஆடினால் உட்காரும் ஒவ்வொரு முறையும் துளை விளிம்பில் பிரம்பு அறுபடும். புதுப் பின்னல் ஒரே வருடத்தில் ஓரங்களில் அறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பிரம்பின் தரம் அல்ல. வரிசை இதுதான்: பழைய பின்னலை எடுப்பது, மூட்டு, பழைய பெயிண்ட், உப்புத்தாள், பாலிஷ், எல்லாம் முடிந்தபின் பின்னல். பாலிஷுக்கு முன்பே பின்னினால் அரக்கு பிரம்பில் கறையாக ஏறும், துடைத்தாலும் போகாது.

வெட்டுவதற்கு முன்

இருக்கைச் சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னும் நாற்காலி. இந்த வழிகாட்டி அதற்குத்தான். துளைகள் இல்லாமல் மேல்பக்கம் சுற்றிலும் ஒரு காடி (நீளப் பள்ளம்) ஓடினால் அது ஆயத்தப் பின்னல் விரிப்பைப் பதிப்பது. அதில் வேலை மிகக் குறைவு. ஊறவைத்த விரிப்பைக் காடிக்குள் அழுத்தி, பசை விட்டு, மேலே ஒரு பிரம்புக் கம்பியைத் தட்டி இறக்கினால் முடிந்தது.

துளை உள்ள நாற்காலியில் இரண்டு அளவு எடுக்க வேண்டும். ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரை எவ்வளவு, துளையின் விட்டம் எவ்வளவு. பிரம்பின் அகலத்தை முடிவு செய்வது இவைதான். இடைவெளி அரை அங்குலம் என்றால் 2.25 மி.மீ. பிரம்பு, 5/8 அங்குலம் என்றால் 2.5 மி.மீ., முக்கால் அங்குலம் என்றால் 3 மி.மீ. கடையில் 'நாற்காலிப் பிரம்பு' என்று மட்டும் கேட்டால் கையில் இருக்கும் ஏதோ ஒன்றைத் தருவார்கள். மி.மீ. கணக்கில் கேளுங்கள். பின்னல் மொத்தம் ஆறு சுற்று. அகலம் கூடினால் ஆறாவது சுற்று துளைக்குள் நுழையாது, குறைந்தால் பின்னல் வலை போல் தளர்ந்து தெரியும்.

பழைய பின்னலை மேலிருந்து ஒரு படமும் கீழிருந்து ஒரு படமும் எடுத்துவையுங்கள். பிறகு சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி வெட்டினால் இருக்கை ஒரே தட்டாக வரும். அதைத் தூக்கி எறியாதீர்கள். எந்த இழை எதன் மேல் போகிறது என்று குழம்பும்போது இதைவிட நல்ல ஆசான் கிடையாது. துளைகளில் அடைந்திருக்கும் துண்டுகளையும் மர ஆப்புகளையும், துளையைவிடச் சற்று மெல்லிய ஆணியைக் கீழிருந்து வைத்துத் தட்டி வெளியேற்றுங்கள். துளையிடும் எந்திரத்தை இதற்குப் பயன்படுத்தினால் துளை அகலமாகி, சட்டம் விரிசல் விடும்.

ஆட்டம்

நாற்காலியைக் கிடத்தி ஒவ்வொரு மூட்டையும் கையால் முறுக்கிப் பாருங்கள். ஆடும் மூட்டில் ஆணி அடிப்பதுதான் எல்லோர் கையும் முதலில் போகும் வழி. தேக்கைப் பிளக்கும் வழியும் அதுவே. மூட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டுவது ஒன்றே நிலைக்கும்.

பழைய நாற்காலிகளில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வச்சிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை. அதற்குச் சூடும் ஈரமும் ஆகாது. வெந்நீரில் நனைத்த துணியை மூட்டின்மேல் பத்து நிமிடம் சுற்றிவைத்தால் இளகும். குறுக்கே மர ஆணியோ மூங்கில் ஆணியோ இறக்கியிருந்தால் முதலில் அதைத் தட்டி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு இழுத்தாலும் வராது, சட்டம்தான் முறியும். பிரிக்கும் முன் ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி தெரியும் நான்கு குறுக்குச் சட்டங்களும் உண்மையில் ஒரே மாதிரி இருப்பதில்லை.

பழைய வச்சிரத்தைச் சுரண்டி மரம் தெரியும்வரை எடுக்க வேண்டும். இன்றைய வெள்ளை மரப்பசை மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கும், பழைய பசையின் மேல் பிடிக்காது. தேக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் இயற்கை எண்ணெய் பசையைத் தள்ளும். ஒட்டும் பரப்பை மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த உடனே பசை தடவுங்கள். பெரிய பிடிகருவி வேண்டியதில்லை. கயிற்றை நாற்காலியைச் சுற்றி இரண்டு முறை கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதுமான இறுக்கம் வரும். கயிறு மரத்தில் படும் இடத்தில் அட்டை வையுங்கள். முறுக்கிய உடனே நாற்காலியைச் சமதரையில் நிறுத்தி நான்கு காலும் தொடுகிறதா என்று பாருங்கள். இருக்கையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். பசை காய்ந்தபின் இதைத் திருத்த வழியில்லை. 24 மணி நேரம் அப்படியே விடுங்கள்.

நாற்காலிக்கு அடியில் மாவு கொட்டுகிறதென்றால் உளு இருக்கிறது. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியை வண்டு எளிதில் தொடாது, ஓரத்து வெளிர் மரத்தைத்தான் தின்னும். அந்தத் துளைகளில் மரவண்டு மருந்தை ஊசியால் ஏற்றி, ஒரு வாரம் மூடிவைத்து, மீண்டும் மாவு விழுகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் வேண்டாம். எண்ணெய்ப் பசை மேலே வந்து பாலிஷைப் பிடிக்க விடாது.

மேலே என்ன இருக்கிறது?

கண்ணுக்குத் தெரியாத இடமொன்றில், இருக்கைச் சட்டத்தின் அடிப்பக்கம் போல, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது பழைய அரக்குப் பாலிஷ். நல்ல செய்தி, ஸ்பிரிட்டும் பழந்துணியுமே அதை எடுத்துவிடும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு, அதை உப்புத்தாளால்தான் எடுக்க வேண்டும்.

எனாமல் பெயிண்ட் அடித்திருந்தால் கவனம் தேவை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்தப் பெயிண்டிலும் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள், தீ காட்டாதீர்கள். களிம்பாக வரும் பெயிண்ட் ரிமூவரைத் தடிப்பாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, முனை மழுங்கிய பட்டித் தகட்டால் வழித்து எடுங்கள். வெளியில், கையுறையோடு, குழந்தைகள் இல்லாத இடத்தில். வழித்ததைச் செய்தித்தாளில் மடித்து, பைக்குள் கட்டிப் போடுங்கள். காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவுவது மலிவான வழிதான். ஆனால் அது தேக்கைக் கறுக்க வைக்கும், மூட்டுகளில் இருக்கும் பசையையும் தின்றுவிடும்.

உப்புத்தாள்

80, 120, 180, 220 என்ற வரிசை. பெயிண்ட் மிச்சமில்லாத நாற்காலிக்கு 120-இலிருந்து தொடங்கலாம். எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் வாக்கில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே போட்ட கீறல் காய்ந்த மரத்தில் தெரியாது, பாலிஷ் ஏறியதும் வெள்ளை வெளேரென்று நிற்கும். ஒரு எண்ணைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 80 போட்ட கீறலை 220 அழிக்காது. கடைந்த கால்களில் தாளை நாடாவாகக் கிழித்து, செருப்பு துடைப்பவர் துணியை இழுப்பதுபோல் மாற்றி மாற்றி இழுங்கள். அங்கே ரேகைக்குக் குறுக்கேதான் போக வேண்டியிருக்கும். அதனால் 180, 220 மட்டும், மென்மையாக.

தேக்கின் ரேகைக் குழிகளை நிரப்பாவிட்டால் பாலிஷ் பள்ளம் பள்ளமாகத் தெரியும். சாக் பவுடரில் சிவப்புக் காவியும் மஞ்சள் காவியும் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து, அரக்குக் கரைசலில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, துணியால் ரேகைக்குக் குறுக்கே தேய்த்து ஏற்றுங்கள். காய்ந்தபின் 220 தாளால் மேலே நிற்பதை முழுக்க எடுத்துவிட வேண்டும். காய்ந்த குழைவு வெளிறித் தெரியும், பாலிஷ் பட்டதும் இருளும். நிறத்தை ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவு செய்யுங்கள்.

அரக்குப் பாலிஷ்

பி.யு. இன்னும் கடினமானது, உண்மைதான். ஆனாலும் பிரம்பு நாற்காலிக்கு அரக்கையே சொல்வோம். கீறல் விழுந்த இடத்தை மட்டும் பத்து வருடம் கழித்தும் திருத்தலாம், பழைய பூச்சும் புதிய பூச்சும் ஒன்றாகக் கரைந்து சேரும். சாப்பாட்டு மேசைக்கு இது வேண்டாம். சூடான டம்ளர் வெள்ளை வளையம் போடும். கைக்குப் பூசும் சானிடைசர் சொட்டினாலும் கரையும், அதிலும் இருப்பது ஆல்கஹால்தான்.

ஒரு நாற்காலிக்கு 40 கிராம் அரக்குச் செதிலை 250 மி.லி. மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, அவ்வப்போது குலுக்கி, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கரைத்த அரக்கு நாள்படக் கெடும். ஆறு மாதம் தாண்டியதைக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்திலும் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள், அது நாற்காலியிலும் காயாது. இந்த ஸ்பிரிட் விஷம், எளிதில் தீப்பற்றும். அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, ஜன்னல் திறந்து வேலை செய்யுங்கள்.

எலுமிச்சை அளவு பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து பொட்டலமாகக் கட்டுங்கள். அரக்கைப் பஞ்சில் விட்டு, துணி வழியாகக் கசியும் அளவுக்குப் பிழிந்து, மரத்தின்மேல் ஓட்டத்தோடு இறக்கி ஓட்டத்தோடு எடுங்கள், விமானம் தரையைத் தொட்டுக் கிளம்புவதுபோல். நின்ற இடத்தில் கீழே இருக்கும் பூச்சு கரைந்து துணி ஒட்டிக்கொள்ளும். முதல் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிட இடைவெளி. ஒரு இரவு விட்டு, 320 தாளால் இலேசாகத் தடவித் தூசைத் துடையுங்கள். பிறகு இன்னும் நான்கைந்து மெல்லிய பூச்சு. பொட்டலம் இழுக்கத் தொடங்கினால் அதன் முகத்தில் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். அதற்கு மேல் விட்டால் மேற்பரப்பு மங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தைக் குளிரவைக்கும், காற்றின் ஈரம் படிந்து பூச்சு பால் படிந்ததுபோல் வெளுக்கும். அப்படி ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில், கிட்டத்தட்ட உலர்ந்த பொட்டலத்தில் ஸ்பிரிட் மட்டும் தொட்டு ஒரு முறை ஓட்டினால் தெளிந்துவிடும். பின்னலுக்கு முன் ஒரு வாரம் பாலிஷ் இறுகட்டும்.

பின்னல்

நாற்காலிப் பிரம்பு என்பது பிரம்புக் கொடியின் பளபளப்பான மேல்தோல். சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் சாலையில், கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் பிரம்பு வேலைக்குப் பெயர்போன ஊர். அந்தப் பக்கம் போனால் இழையைக் கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். நல்ல இழை ஒரே அகலத்தில், வெடிப்பில்லாமல் இருக்கும். விரலில் சுற்றினால் தோல் உரியாது.

கணக்குக்கு ஒரு நாற்காலியை எடுத்துக்கொள்வோம். துளை இடைவெளி முக்கால் அங்குலம். மூலைத் துளைகளைச் சேர்க்காமல் பின்சட்டத்தில் 15, முன்சட்டத்தில் 19, பக்கங்களில் 17 வீதம், மூலைகளில் 4, ஆக 72. இதற்கு 3 மி.மீ. இழை 75 மீட்டர், விளிம்புக்கு 4 மி.மீ. பட்டை 2 மீட்டர் போதும். துளையில் இழையைத் தற்காலிகமாகப் பிடிக்க, முனை கூர்ந்த மூங்கில் ஆப்புகள் பத்துப் பதினைந்து சீவிக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு இழைகளை மட்டும் கை பொறுக்கும் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். ஒன்றை எடுத்ததும் ஒன்றைப் போடுங்கள். மணிக்கணக்கில் ஊறினால் கறுக்கும். இழையின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் கணு தடுக்கும். வழுக்கும் திசையிலேயே இழுங்கள். பளபளப்பு எப்போதும் மேலே. சட்டத்துக்கு அடியில் இழை புரண்டுவிட்டதா என்று ஒவ்வொரு துளையிலும் பாருங்கள்.

*முதல் சுற்று, பாவு.* பின்சட்டத்தின் நடுத்துளை 8-ஆவது, முன்சட்டத்தின் நடுத்துளை 10-ஆவது. பின்னால் நான்கு அங்குலம் கீழே தொங்கவிட்டு ஆப்பு அடித்து, முன்னால் கொண்டுபோய் இறக்கி, அடியில் பக்கத்துத் துளைக்குத் தாண்டி மேலே ஏற்றி, பின்னால் திரும்புங்கள். இப்படி நடுவிலிருந்து இரு பக்கமும். பின்சட்டத் துளைகள் தீர்ந்ததும் முன்னால் பக்கத்துக்கு 2 துளை மிஞ்சும். அந்த இழைகளைப் பின்மூலையில் திணிக்காதீர்கள். மற்ற இழைகளுக்கு இணையாகப் போய், பக்கச் சட்டத்தில் எந்தத் துளை நேராக வருகிறதோ அதில் இறக்குங்கள். மூலைத் துளைகள் இப்போது காலியாகவே இருக்கட்டும். இந்தச் சுற்றைக் கொஞ்சம் தளர்வாக விடுவது முக்கியம். வீணைத் தந்திபோல் இறுக்கினால் நான்காவது சுற்றில் நுழைக்கவே முடியாது, காயும்போது அறுந்தும் போகும்.

*இரண்டாம் சுற்று, ஊடை.* பக்கத்திலிருந்து பக்கத்துக்கு, முதல் சுற்றின் மேலேயே படுத்துப் போகும். பின்னல் இல்லை.

*மூன்றாம் சுற்று.* மறுபடி பாவு, அதே துளைகளில், ஊடையின் மேலே. ஒவ்வொரு இழையும் முதல் சுற்று இழைக்கு வலப்பக்கம் நிற்குமாறு தள்ளிவையுங்கள். இரண்டு இழையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் அடுத்த சுற்று குழம்பும்.

*நான்காம் சுற்று.* உண்மையான பின்னல் இங்கேதான் தொடங்குகிறது. ஊடை இழை ஒவ்வொரு ஜோடியிலும் மூன்றாம் சுற்று இழையின் மேலும் முதல் சுற்று இழையின் கீழும் போக வேண்டும். நாலைந்து ஜோடி நுழைத்ததும் முழு இழையையும் இழுத்து, மறுபடி நுழையுங்கள். இழை காய்ந்தால் மேலே ஈரத்துணியால் ஒற்றுங்கள். முடிந்ததும் இரண்டு ஆப்புகளை வைத்து ஜோடிகளை நெருக்கி, சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாகச் சீராக்குங்கள். இதில் ஒரு மணி நேரம் செலவிட்டால் மூலைவாட்டு வேலை பாதியாகக் குறையும்.

*ஐந்தும் ஆறும், மூலைவாட்டு.* பின்மூலைத் துளையில் தொடங்கிக் குறுக்காக வரும் இழை, ஒரு வகை ஜோடிக்கு மேலும் மற்ற வகை ஜோடிக்குக் கீழும் போகும். எது மேல், எது கீழ்? நான்காம் சுற்று எப்படி விழுந்தது என்பதைப் பொறுத்தது. மூன்று கட்டம் நுழைத்து இழுத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் இழை ஜோடிகள் சந்திக்கும் மூலைக்குள் வழுக்கி உட்காரும். தவறாக இருந்தால் விளிம்பில் உரசி நெளியும். உரசினால் அவிழ்த்து மாற்றிப் போடுங்கள். முழு இருக்கையும் முடிந்தபின் கண்டுபிடித்தால் அழுகைதான் வரும். ஆறாவது சுற்று எதிர்மூலையிலிருந்து, ஐந்தாவதற்கு நேர் எதிரான ஒழுங்கில். மூலைத் துளைகளில் இரண்டு இழை இறங்கும். எந்தத் துளையில் முடிய வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், இழை நேராக எங்கே காட்டுகிறதோ அங்கே இறக்குங்கள். முன்னகலம் கூடிய நாற்காலியில் பக்கச் சட்டத்தில் ஒரு துளையைத் தாண்டவோ, ஒரே துளையில் இரண்டு இழை விடவோ நேரும். எதிர்ப்பக்கத்திலும் அதே இடத்தில் அதையே செய்தால் கண்ணுக்கு உறுத்தாது.

தொங்கும் நுனிகளை அடியில், பக்கத்துத் தாண்டலை, அதாவது ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குத் தாண்டும் இழையை, சுற்றி இரண்டு முறை முடிச்சிட்டு, அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே முடிச்சுப் போட வேண்டும், காய்ந்த நுனி முறியும்.

*விளிம்பு.* 4 மி.மீ. பட்டையைத் துளைகளின்மேல் படுக்கவைத்து, மெல்லிய இழையைக் கீழிருந்து ஏற்றி, பட்டையைத் தாண்டி, அதே துளையில் இறக்குங்கள். ஒன்றுவிட்டு ஒரு துளையில் கட்டினால் போதும்.

இந்தியாவில் பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையங்களில் நாற்காலிப் பின்னல் நெடுங்காலமாகக் கற்றுத் தரப்படும் தொழில். ஆறு சுற்றையும் விரல் நுனியாலேயே எண்ணி முடிப்பார்கள். நீங்களும் கண்ணை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேலே ஏற வேண்டிய இடத்தில் கீழே போன இழை கைக்கு உடனே தட்டுப்படும். முதல்முறை பின்னுபவருக்கு மொத்தம் பதினைந்து மணி நேரம்வரை ஆகும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். எந்தச் சுற்றின் முடிவிலும் நிறுத்திவிட்டு மறுநாள் ஈரத்துணியால் நனைத்துத் தொடரலாம்.

காய்ந்தபின்

நிழலில் இரண்டு நாள் காயட்டும், அதுவரை யாரும் உட்கார வேண்டாம். காய்ந்த இருக்கையைத் தட்டினால் மேளத்தோல்போல் அதிரும். சிலிர்த்து நிற்கும் நார்களைத் தீக்குச்சிச் சுடரை வேகமாக ஓட்டிப் பொசுக்கலாம். ஆனால் பக்கத்தில் அரக்கு பூசிய மரம் இருப்பதை மறக்காதீர்கள், சிறு கத்தரிக்கோலே பாதுகாப்பு. பின்னலுக்கு வார்னிஷ் வேண்டாம். மேல்பக்கத்துக்கு இயற்கையான மெருகு உண்டு. அடிப்பக்கத்தை அடைத்தால் பிரம்பு ஈரம் ஏற்க முடியாமல் நொறுங்கும்.

மின்விசிறிக்கு நேர் கீழே, ஏ.சி. அறையில், வெயில் விழும் ஜன்னலோரத்தில் இருக்கும் நாற்காலி சீக்கிரம் வறளும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். அந்த இருக்கையில் ஏறி நின்று பல்பு மாட்டுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். பின்னல் உடல் எடையைப் பரவலாகத் தாங்கும், ஒரு குதிகாலை தாங்காது.

சில வருடத்தில் இருக்கை தொய்ந்தால் உடனே அறுத்து எடுக்க வேண்டியதில்லை. அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியை அரை மணி நேரம் விரித்துவைத்து, எடுத்து, ஒரு நாள் காயவிடுங்கள். நார் அறாத பிரம்பு மறுபடி இறுகும். இறுகாமல் தொங்கினால் நாற்காலியைத் திருப்பி, அடியில் தாண்டல்களைப் பாருங்கள். அங்கே எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்கும், அல்லது ஒரு மூட்டு மறுபடி ஆடத் தொடங்கியிருக்கும்.